கரையில் கட்டிய கப்பல்

"மாமா, நாளைக்குப் பின்னேரம் என்னைக் கப்பலிலை இறக்கி விடுவீங்களோ?"

அக்காவின் மகன் இப்படிக் கேட்டபோது நான் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் பிழையாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து அதை நிறுத்தினேன். இல்லை, கப்பல் என்றுதான் சொன்னான். கனேடியக் கடற்படை ரிசேர்வில் சேர்ந்திருந்தான்; பயிற்சி நடக்கும் கப்பலுக்குப் பெயர் யோர்க். நிற்கும் இடம் லேக் ஷோர் வீதி மேற்கு, இலக்கம் 659. வீட்டு இலக்கம் உள்ள கப்பலை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

மறுநாள் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து இறங்கி, கார்டினர் விரைவுவீதியில் ஊர்ந்து, பத்தர்ஸ்ட் வீதி ஒன்ராறியோ ஏரியைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே போய்ச் சேர்ந்தோம். அந்த வழியால் நான் இருபது வருடமாகப் போய்வருகிறேன். பக்கத்தில் படகுக் கழகங்கள் இருப்பது தெரியும். மறுபக்கம் கொறனேஷன் பூங்கா. ஆறாம் ஜோர்ஜ் முடிசூடிய 1937 மே மாதம், முதலாம் உலகப்போருக்குப் போய்வந்தவர்கள் மரம் நட்ட பூங்கா அது. அந்த மேப்பிள்கள் இப்போது இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு கட்டிடமும் கொடிமரமும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ அரசாங்கத்துச் சமாச்சாரம் என்பதற்கு மேல் நினைத்ததில்லை. பெயர்ப்பலகையை அன்றுதான் வாசித்தேன். எச்.எம்.சி.எஸ். யோர்க், அதாவது மாட்சிமை தங்கிய மன்னரின் கனேடியக் கப்பல் யோர்க்.

தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கப்பல் நின்றது சீமெந்துத் தரையில்.

"ஒன்பதரைக்குக் கரைக்கு வருவன் மாமா, இஞ்சை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். வாசலைத் தாண்டியதும் அவன் நிமிர்ந்து சல்யூட் அடித்தது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. யாருக்கு அடித்தான் என்று புரியவில்லை. அங்கே ஆள் ஒருவரும் இல்லை.

இப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அவன் உள்ளே இருக்கும் இரண்டரை மணி நேரமும் காருக்குள் கோப்பியோடு இருந்து, தரையில் நிற்கும் கப்பல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன்.

மாலுமிகள் இவற்றுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்டோன் ஃபிரிகேட்', கல்லால் ஆன போர்க்கப்பல். இந்த வழக்கத்துக்கு உதாரணமாக எல்லாரும் சொல்லும் கதை கரீபியனில் நடந்தது. மார்ட்டினிக் தீவின் தென்கரைக்கு அருகே, கடலுக்குள்ளிருந்து 175 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறை ஒன்று உண்டு. பெயர் டயமண்ட் றொக். நெப்போலியன் காலத்துச் சண்டையில், 1804 ஜனவரியில், சாமுவேல் ஹூட் என்ற பிரித்தானியத் தளபதி அதன்மேல் பீரங்கிகளைக் கயிறு கட்டி ஏற்றினார். ஆட்களையும் ஏற்றினார். பிறகு அந்தப் பாறையைக் கப்பல் என்று பதிவு செய்தார்கள்: எச்.எம்.எஸ். டயமண்ட் றொக். போகவர இருந்த பிரெஞ்சுக் கப்பல்களைப் பாறை பதினேழு மாதம் அடித்துக்கொண்டே இருந்தது. 1805 ஜூனில் பிரெஞ்சும் ஸ்பெயினும் சேர்ந்து பெரும்படையோடு வந்து சூழ்ந்தன. குண்டும் தண்ணீரும் தீரவே, மொரிஸ் என்ற பொறுப்பதிகாரி சரணடைந்தார்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கப்பலை இழந்த கப்டன் இராணுவ நீதிமன்றத்தில் நிற்கவேண்டும் என்பது பிரித்தானியக் கடற்படையின் அன்றைய விதி. மொரிஸும் நின்றார், ஒரு பாறையை இழந்ததற்காக. பாறை இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. கௌரவத்தோடு விடுவித்தார்கள் என்பது வேறு கதை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. பிறகு பார்த்தால் உள்ளே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படை ஒழுக்கச் சட்டம் ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் உள்ளவனைத்தான் அன்று கட்டுப்படுத்தியது. கரையில் பயிற்சிக் கூடத்திலோ களஞ்சியத்திலோ வேலை செய்கிறவன் எந்தக் கப்பலின் ஆள்? எங்கேயாவது ஒரு பழைய படகின் பேரேட்டில் அவன் பெயரை ஏற்றவேண்டும். அதைவிட அந்தக் கட்டிடத்துக்கே கப்பல் என்று பெயர் வைத்துவிட்டால் தலையிடி தீர்ந்தது. ஒரு கட்டிடத்தைக் கப்பல் ஆக்குவதற்கு இரும்பும் மரமும் வேண்டியதில்லை. ஒரு பேரேடு போதும்.

பிரித்தானியரிடம் கடற்படை கற்ற நாடுகள் எல்லாம் இதையும் சேர்த்தே கற்றுக்கொண்டன. கடலே இல்லாத கோயம்புத்தூரில் இந்தியக் கடற்படைக்கு ஐ.என்.எஸ். அக்ராணி இருக்கிறது. மலைநாட்டுத் தியத்தலாவையில் அன்றைய இலங்கைக் கடற்படை றங்கல்ல என்ற பெயரில் ஒரு 'கப்பல்' வைத்திருந்தது. தேயிலைக் காற்றில் நின்றுகொண்டு கடலோட்டம் படித்திருக்கிறார்கள்! இவ்வளவு ஏன், நான் பிறந்த காரைநகரில் இருக்கும் கடற்படைத் தளத்தின் பெயர் எலார. நம்முடைய எல்லாளன்தான். அதுவும் பதிவில் ஒரு கப்பல். எல்லாளனின் பெயரை யார் யோசித்து வைத்தார்களோ, சின்ன வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ரிசேர்வ் என்று இவர்கள் சொல்வதை நாங்கள் ஊரில் தொண்டர் படை என்போம். அந்தச் சொல்தான் பொருத்தம். வாரத்தில் ஒரு பின்னேரம், கோடை விடுமுறையில் முழுநேரம், மற்ற நாட்களில் படிப்போ வேலையோ. கனடா முழுக்க இப்படி 24 பிரிவுகள் உண்டு. இலங்கையில் கடற்படை தொடங்கியதே தொண்டர்களால்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1937இல் தொண்டர் கடற்படை வந்துவிட்டது, நிரந்தரக் கடற்படை 1950 டிசம்பரில்தான் வந்தது.

யோர்க்கின் கதைக்கு வருகிறேன். இதைத் தொடங்கிவைத்த மனிதர் வோல்ற்றர் ஹோஸ். 1875இல் இந்து சமுத்திரத்தில், ஓடிக்கொண்டிருந்த கப்பலிலேயே பிறந்தவர். 1920களில் கனேடியக் கடற்படைக்குத் தலைவராக இருந்தார். தலைவர் என்று பெயர்தான். 1922இல் அரசாங்கம் கடற்படையின் பணத்தை 15 இலட்சம் டொலராக வெட்டியது. அதை வைத்து என்ன செய்வது? போர்க் கப்பல் எயுரோராவையும் நீர்மூழ்கிகளையும் ஒதுக்கினார், கடற்படைக் கல்லூரியை மூடினார், கரைக்கு ஒன்றாக இரண்டு நாசகாரிக் கப்பல்களை வைத்துக்கொண்டார். மிச்சக் காசில் 1923 ஜனவரியில் தொண்டர் படையைத் தொடங்கினார். அதையும் கடலோரப் பட்டினங்களில் மட்டும் தொடங்கவில்லை. கல்கரி, வினிப்பெக், சஸ்கற்றூன் என்று கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி, கோதுமை வயலுக்கு நடுவே போய் ஆள் சேர்த்தார். ரொறன்ரோவுக்கும் ஒரு பிரிவு கிடைத்தது.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதல்லவா? ஹோஸின் கணக்கு வேறு. கடலைக் காணாத ஊர்க்காரன் கடற்படைக்கு ஏன் வரி கட்டுவான்? அவன் ஊரிலேயே ஒரு கடற்படை இருந்தால், அவன் மருமகனோ பக்கத்து வீட்டுக்காரனோ அதில் இருந்தால், அடுத்த தடவை ஒட்டாவாவில் யாராவது கத்தரிக்கோலை எடுக்கும்போது நாலு பேர் கேள்வி கேட்பார்கள். கப்பல் வாங்கக் காசில்லாத ஒருவர் கப்பலுக்குப் பதிலாக ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்துவைத்த கதை இது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமான வறுமையை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் ஹோஸைப் பற்றி வாசிக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 1914 மே 23ஆம் திகதி கொமகாட்டா மாரு என்ற கப்பல் வன்கூவர் துறைக்கு வந்தது. 376 பயணிகள், பெரும்பாலானோர் பஞ்சாபிச் சீக்கியர். பிரித்தானியப் பேரரசின் குடிமக்கள்தான், ஆனாலும் பெரும்பாலானோரை இறங்க விடவில்லை. இரண்டு மாதம் துறையில் நிறுத்திவைத்துவிட்டு, கடைசியில் ஒரு போர்க்கப்பலைக் கொண்டுவந்து மிரட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் போர்க்கப்பல் றெயின்போ. அன்று அதற்குக் கப்டன் இதே வோல்ற்றர் ஹோஸ்.

அடுத்த கிழமை காரில் போகும்போது இதைப் பெடியனுக்குச் சொன்னேன். சன் சீயையும் சொன்னேன். 2010 ஓகஸ்டில் 492 தமிழர்களோடு பசிபிக்கைக் கடந்து வந்த கப்பலை வழிமறித்து எஸ்குவிமோல்ற் துறைக்குக் கூட்டிவந்தது எச்.எம்.சி.எஸ். வினிப்பெக். அப்போது அவன் பாலர் வகுப்புப் பிள்ளை. நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பாட்டை மறந்து இருந்தோம். அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் இறங்கியவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் கிடந்தார்கள். அதற்கும் முதல், 1986இல், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் காப்பாற்றியவர்கள் மீன்பிடிக்காரர்கள்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. ஜார்விஸ் வீதி இறக்கம் தாண்டிய பிறகு கேட்டான்: "அப்ப, நான் அந்த றெயின்போவிலை நிண்டிருந்தா என்ன செய்திருப்பன் மாமா?"

"தெரியேல்லையடா" என்றேன். அவன் அதற்குப் பிறகும் அந்தப் பின்னேரம் உள்ளே போனான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, ஏன் என்று விளக்கச் சொன்னால் திணறுவேன்.

1939இல் போர் வந்தபோது ஹோஸின் கணக்கு பலித்தது. அன்று கனடாவிடம் இருந்தவை ஆறு நாசகாரிகளும் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிறு கலங்களும். போர் முடியும்போது நானூறுக்கு மேற்பட்ட கப்பல்கள், ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பங்கு தொண்டர் படைக்காரர். அதிகாரிகளின் சட்டைக் கையில் நிரந்தரப் படையினருக்கு நேர்ப்பட்டி, தொண்டருக்கு அலைபோல வளைந்த பட்டி. 'அலைக் கடற்படை' என்ற கிண்டல் அதனால் வந்தது. ரொறன்ரோப் பிரிவுக்கு யோர்க் என்ற கப்பல் பெயர் கிடைத்தது 1941 நவம்பரில். 1834 வரை இந்த நகரத்தின் பெயரே யோர்க்தான்.

போர்க்காலத்தில் யோர்க் 'நங்கூரமிட்டு' நின்ற இடம் எக்ஸிபிஷன் மைதானத்தில் உள்ள ஓட்டோமோட்டிவ் கட்டிடம். 1929இல் புதுக்கார்களைக் காட்சிக்கு வைக்கக் கட்டியது. இப்போது அது மாநாட்டு மண்டபம். ஒரு கலியாண வரவேற்புக்கோ வேலை விஷயமாகவோ நம்மவர்கள் பலர் அங்கே போயிருப்பார்கள். கார் விற்கக் கட்டிய தரையில் முடிச்சுப் போடவும் கொடிச் சைகை வாசிக்கவும் பழகிய பெடியன்கள், ரயிலேறி ஹலிஃபாக்ஸ் போய், அங்கிருந்து கொர்வெற் என்ற குட்டிக் கப்பலில் வட அத்திலாந்திக்குக்குள் இறங்கினார்கள். கொர்வெற் ஈரப்புல்லில் விட்டாலும் உருளும் என்பது மாலுமிகள் பகிடி. பலர் அந்தப் பயணத்தில்தான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைக் கண்டார்கள். அதில் முதல் மூன்று நாளும் வாளியைத்தான் கண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கல்கரியில் 1940இல் பெயர் கொடுத்த ஒரு இளைஞர் றொபேர்ட் ஹம்ப்டன் கிறே. கடற்படை விமானி ஆனார். 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஜப்பானின் ஒனகாவா குடாவில் ஒரு போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்துத் தானும் விழுந்தார். வீரத்துக்கான அதியுயர் விருதான விக்ரோறியா சிலுவை கிடைத்தது, இறந்த பிறகு. அந்த ஒனகாவா ஊரிலேயே 1989இல் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள் என்பது எனக்கு அந்தச் சிலுவையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பெண்களையும் விடவில்லை. இப்போது கேம்பிரிட்ஜ் நகரத்துக்குள் அடங்கிவிட்ட கால்ற் என்ற ஊரில், பெண்பிள்ளைகளுக்கான பழைய சீர்திருத்தப் பாடசாலை ஒன்றைக் கப்பலாக்கி, கொனெஸ்ரோகா என்று பெயர் வைத்து, 1943இல் அதற்கு இசபெல் மக்நீல் என்பவரைப் பொறுப்பாக்கினார்கள். கனடாவில் ஒரு கடற்படைக் 'கப்பலுக்கு'ப் பொறுப்பேற்ற முதல் பெண் அவர். கட்டிடம் கப்பல் என்றால் அவரும் கப்டன்தானே!

உண்மையான கப்பல்களைவிட இந்தக் கல் கப்பல்களுக்கு ஆயுள் கெட்டி என்பதும் வாசிக்க வாசிக்கத்தான் புரிந்தது. ஒன்ராறியோ ஏரியிலேயே உதாரணம் இருக்கிறது. 1814இல் கிங்ஸ்டனில் பிரித்தானியர் சென்ற் லோறன்ஸ் என்ற கப்பலைக் கட்டினார்கள். 112 பீரங்கி, பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்ரறிக் கப்பலைவிடப் பெரியது. அது கடலைக் கண்டதே இல்லை, ஏரிக்குள்ளேயே பிறந்து ஏரிக்குள்ளேயே கிடந்தது. ஒரு சண்டையும் செய்யவில்லை. அமெரிக்காவோடு சமாதானமாகி, 1817 ஒப்பந்தப்படி இந்த ஏரியில் ஆளுக்கு ஒரு சிறு கலம், அதில் ஒரே ஒரு பீரங்கி என்று முடிவானதும் வேலை போயிற்று. 1832இல் அதை 25 பவுணுக்கு விற்றார்கள். கழற்றிய கப்பல்களின் பாய்களையும் கயிறுகளையும் வைக்கக் கட்டிய கற்களஞ்சியம் மட்டும் இன்னும் அங்கே நிற்கிறது, இராணுவக் கல்லூரி மாணவர் விடுதியாக. அதன் பெயரும் ஸ்டோன் ஃபிரிகேட்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மகன் படிவம் நிரப்பிய அன்று அவ கேட்ட முதல் கேள்வி, "உனக்கென்ன விசரே?" எங்கள் வீட்டில் 'நேவி' என்ற சொல்லை உரத்துச் சொல்லிப் பழக்கமில்லை. கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். அவ அவனோடு இரண்டு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் பிந்தி வருவான் என்று சோற்றை மூடிவைப்பா. நீச்சல் பரீட்சை என்றதும் மட்டும், "நீந்தத் தெரியாமல் காரைநகர்ப் பெடியன் எண்டு சொல்லிப்போடாதை" என்றா. அவன் பிறந்தது ஸ்காபரோவில்.

பிறகு குடும்பத்தினரை அழைத்த ஒரு மாலை வந்தது. அக்கா வரமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே சேலை உடுத்தினா. உள்ளே போனால் பெரிய பயிற்சி மண்டபம், கண்ணாடிபோல மினுக்கிய தரை. அதைத் தரை என்று சொல்லக்கூடாதாம், டெக். சுவர் பல்க்ஹெட். சமையலறை கலி. வெளியே போவது கரைக்குப் போவது. அக்கா கழிவறை எங்கே என்று கேட்க, ஒரு பிள்ளை மிக மரியாதையாக "ஹெட்ஸ்" பக்கம் கையைக் காட்டியது. "தலையோ? என்ன தலை?" என்று அக்கா என்னைப் பார்த்தா. பாய்க்கப்பல் காலத்தில் கழிவிடம் கப்பலின் தலைப்பக்கம், முன்னணியத்தில் இருந்தது. அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான வருடமாக ஒட்டிக்கொண்டு வந்து லேக் ஷோர் வீதிக் கதவு ஒன்றில் நிற்கிறது. இதை நான் விளக்கி முடிக்கும்வரை அவவால் நிற்க முடியவில்லை.

அன்றுதான் முதல்நாள் பார்த்த சல்யூட்டுக்கும் விடை கிடைத்தது. வாசலைத் தாண்டி வரும் இடம் கப்பலின் பின்தளம், குவாட்டர்டெக். அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரியாதை செய்துதான் ஏறவேண்டும். கோயில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தானே நாங்களும் உள்ளே போகிறோம், அங்கே யார் நிற்கிறார் என்று பார்த்தா?

அணிவகுத்து நின்றவர்களைப் பார்த்தேன். சீனப் பிள்ளைகள், பிலிப்பினோப் பிள்ளைகள், தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியப் பெடியன், இன்னும் யார் யாரோ. 2022 நவம்பரிலிருந்து குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவிடக்காரரும் கனேடியப் படையில் சேரலாம். அந்தத் தலைப்பாகையைக் கண்டதும் எனக்கு றெயின்போ ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் இறங்கும் விமானம் ஒன்று கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது.

அதிகாரி ஒருவர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். நம்மவர்களின் பெயர் விஷயம் தெரியும்தானே. பிள்ளைக்குத் தகப்பன் பெயர்தான் இங்கே கடைசிப் பெயர். படையில் கூப்பிடுவதும் சட்டையில் தைப்பதும் அதைத்தான். அத்தான் போய் ஆறு வருடம். மண்டபம் அதிர அவருடைய பெயரை ஒரு வெள்ளைக்காரர் நாக்குத் தடுமாறிக் கூப்பிட, பெடியன் ஒரு அடி முன்னால் வந்து நின்றான்.

அக்கா முப்பது வருடத்தில் அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்கோ" தான். பெயர் கேட்கும் படிவங்களில்கூட எழுதிக் காட்டுவாவே தவிரச் சொல்லமாட்டா.

போன கிழமை அவன் கரைக்கு வரப் பிந்தும் என்று செய்தி அனுப்பியதால் நான் முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன். மற்ற யூனிஃபோர்ம் சட்டையை மேசையில் விரித்து ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தா. கையை மடித்து, கழுத்துப்பட்டியைத் தேய்த்து, நெஞ்சில் பெயர் தைத்த பட்டிக்கு வந்ததும் ஸ்திரிக்கைப்பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் கையால் நீவிவிட்டா.

"இந்த எழுத்துக் கூட்டினது சரியோ எண்டு பார்" என்றா.

நான் வாசித்துக் காட்டினேன்.

"ம்" என்றுவிட்டு மற்றக் கையைத் தேய்க்கத் தொடங்கினா.